இரவு வேலை பார்க்கும் பழைய கணினி

பத்துப் பன்னிரண்டு ஆண்டு உழைத்துவிட்டு மூலையில் கிடக்கும் ஒரு கணினியால் இன்றைக்கு அறிவியலுக்கு ஏதாவது பயன் உண்டா என்று யாராவது கேட்டால், உண்டு என்றுதான் சொல்வேன். ஆராய்ச்சியாளர்களின் பெரிய கணக்குகளில் ஒரு சிறு பங்கை வீட்டிலிருந்தே போட்டுக்கொடுக்கும் தன்னார்வக் கணிமையை என் வீட்டுக் கணினி செய்துகொண்டிருக்கிறது. வேகத்தில் அதனால் புதியவற்றோடு போட்டி போட முடியாது. போட வேண்டிய தேவையும் இல்லை. வாங்கிய வேலையைக் கெடு தாண்டாமல், கணக்குப் பிசகாமல் முடித்துத் திருப்பிக் கொடுத்தால் போதும். பாலக்காட்டு வெயிலிலும் இடியிலும் ஒரு பழைய கணினியை அந்த நிலையில் வைத்திருக்க என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்பதை எழுதுகிறேன். இதே போன்ற கணினி வைத்திருக்கும் யாருக்காவது உதவும்.

தன்னார்வக் கணிமையைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒரு பெரிய கணக்கீட்டைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, உலகம் முழுவதும் உள்ள வீட்டுக் கணினிகளுக்கு இணையம் வழியாக அனுப்புவார்கள். நம் கணினி சும்மா இருக்கும் நேரத்தில் அதைக் கணக்கிட்டு விடையைத் திருப்பி அனுப்பும். இதுதான் தன்னார்வக் கணிமை. பணம் எதுவும் கிடையாது. இப்போது இதில் பெரும்பாலான திட்டங்கள் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான பாயிங்க் என்ற இலவச மென்பொருளின் மூலம் நடக்கின்றன.

எனக்கு இது கோயம்புத்தூரில் முதுகலை படித்த நாட்களில் அறிமுகமானது. 1999 மே மாதம் பெர்க்லி பல்கலைக்கழகம் செட்டி அட் ஹோம் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. போர்ட்டோ ரிக்கோ தீவில் அரெசிபோ என்ற இடத்தில் இருந்த, 305 மீட்டர் குறுக்களவுள்ள வானொலித் தொலைநோக்கி பதிவுசெய்த இரைச்சலுக்குள் வேற்றுக்கோள் அறிவினத்தின் சமிக்ஞை ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடும் வேலை. ஒரு துண்டு என்பது ஏறத்தாழ 107 விநாடிப் பதிவு, 340 கிலோபைட் அளவு. தொலைபேசி இணைப்பு வழியாக அது இறங்குவதற்குள் பொறுமை போய்விடும். இறங்கிய பிறகு எங்கள் கல்லூரிக் கணினி அதை ஒரு நாளுக்கும் மேல் மென்றுகொண்டிருக்கும். திரையில் வண்ண வண்ணக் குன்றுகளாக ஒரு வரைபடம் எழும்பும். பேராசிரியரின் அனுமதியோடு கணினிக் கூடத்தில் ஓடிய அந்தத் திரைக்காப்பின் (ஸ்கிரீன் சேவர்) முன்னால் நாங்கள் கூட்டமாக நின்று பார்த்திருக்கிறோம்.

பிறகு திருமணம், ஆசிரியர் வேலை, குழந்தைகள் என்று அது விட்டுப்போனது. 2005 இறுதியில் பழைய செட்டி அட் ஹோம் மூடப்பட்டு எல்லாம் பாயிங்க்கிற்கு மாறியதை நான் கவனிக்கவே இல்லை. 2020 மார்ச் 31ஆம் தேதியோடு புதிய வேலைகளை அனுப்புவதை அவர்கள் நிறுத்தினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி அரெசிபோ தொலைநோக்கியும் இடிந்து விழுந்தது. இரண்டு செய்திகளையும் படித்தபோது மனம் கனத்தது. அதே 2020இல்தான் கொரோனா வைரஸின் புரதங்களை ஆராய்ந்த ஃபோல்டிங் அட் ஹோம் திட்டத்தில் மக்கள் திரண்டு சேர்ந்து, அதன் மொத்தக் கணிப்பு வேகம் ஒரு எக்ஸாஃபிளாப்பைத் தாண்டியது. விநாடிக்குப் பத்தாயிரம் கோடி கோடிக் கணக்கு போடும் வேகம் அது. 2024இல் வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதி டேவிட் பேக்கருக்குக் கிடைத்தது. ரொசெட்டா அட் ஹோம் அவருடைய ஆய்வகத்திலிருந்து 2005இல் வந்த திட்டம். அந்தச் செய்தியை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோதே, வீட்டில் கிடக்கும் கணினியை எடுத்து ஓட்டவேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளம்தான், ஆனால் வீட்டிலும் கடையிலும் பள்ளியிலும் தமிழ். கணினி 2012இல் வாங்கியது: இன்டெல் ஐ3-2120, இரண்டு கோர், நான்கு இழை (அதாவது ஒரே நேரத்தில் நான்கு வேலைகளை ஓட்டலாம்), 4 ஜி.பி. நினைவகம். விண்டோஸ் 11 இதில் முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவதற்கு நான் தயங்கவில்லை. கேரளத்தில் பள்ளிக் கணினிகளெல்லாம் கட்டற்ற மென்பொருளில்தான் ஓடுகின்றன, 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கி 2017இல் கைட் என்ற நிறுவனமாக மாறிய அமைப்பு இதை நடத்துகிறது. தமிழ்வழிப் பிள்ளைகளுக்குப் பாடநூலும் தமிழிலேயே வருகிறது. எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் பழகிய திண்ணை. ஆகவே எளிய முகப்புள்ள லினக்ஸ் மின்ட் ஒன்றைப் போட்டு, அதன் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே பாயிங்க்கை நிறுவினேன். இப்படி நிறுவும்போது அது தனிப் பயனராக ஓடும். நம் சொந்தக் கோப்புகளைத் தொடாது. வேறு எங்கிருந்தோ இறக்கிப் போட வேண்டாம்.

மென்பொருள் போடுவது அரை மணி நேர வேலை. கணினியைத் தயார் செய்வதுதான் பெரிய வேலை. இரவு முழுவதும் முழு வேகத்தில் ஓடப்போகும் கணினி என்பதால், திறக்காமல் ஓட்டவே கூடாது. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு வாசல். ஆனி, ஆடி மாதங்களில் அதன் வழியாக வரும் காற்று எங்கள் பக்கத்துக் காய்ந்த வயல்களின் புழுதியையெல்லாம் அள்ளி வீட்டுக்குள் கொட்டும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், கணக்குப் போடும் சில்லான செயலியின் மேலிருக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் மின்விசிறிக்கும் நடுவே செம்மண் தூசி பஞ்சோடு சேர்ந்து கெட்டியாகப் படிந்திருந்தது. விசிறி சுற்றுகிறது, காற்று மட்டும் தகடுகளுக்குள் போகவில்லை. காற்று ஊதும் பிளோயரால் சுத்தம் செய்யும்போது விசிறி இதழை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊதலின் வேகத்தில் அது கண்டபடி சுழன்றால் கெட்டுவிடும். மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள்ளும் ஊத வேண்டும். அந்தப் பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்னழுத்தம் தேங்கி நிற்கும்.

விசிறியைக் கழற்றியபோது செயலியின் மேல் தடவியிருந்த வெப்பப் பசை காய்ந்து சுண்ணாம்புப் பொடியாக உதிர்ந்தது. பழையதைத் துடைத்துவிட்டுப் புதிய பசை ஒரு பயறளவு வைத்து மறுபடி பூட்டினேன். இதற்கு முன்னால் முழுச் சுமையில் 88 டிகிரி காட்டிய செயலி, அதற்குப் பிறகு 64ஐத் தாண்டவில்லை. லினக்ஸில் 'சென்சார்ஸ்' என்ற சிறு கட்டளை இந்த அளவைக் காட்டும். பணம் செலவழிக்க நினைப்பவர்கள் முதலில் இந்தப் பசைக்குச் செலவழியுங்கள்; வேறு எதுவும் இவ்வளவு குறைந்த காசுக்கு இவ்வளவு பலன் தராது.

அடுத்தது அந்தச் சிறிய பொத்தான் மின்கலம். இதைப் பற்றி யாரும் எழுதிப் படித்ததில்லை என்பதால் விரிவாகவே சொல்கிறேன். மின்சாரம் போய் வந்த ஒரு காலையில் கணினி கறுப்புத் திரையில் நின்றிருந்தது. தேதியும் நேரமும் சரியில்லை, தொடர எஃப் 1 அழுத்தவும் என்று ஒரு வரி. அழுத்தினால் உள்ளே போகிறது, ஆனால் பாயிங்க் எந்தச் சேவையகத்தோடும் பேச மறுக்கிறது. நாட்காட்டியைப் பார்த்தால் பல ஆண்டு பின்னால் போயிருந்தது. தாய்ப்பலகையில் கடிகாரத்தை உயிரோடு வைத்திருக்கும் சி.ஆர். 2032 மின்கலம் தீர்ந்துவிட்டதுதான் காரணம். பாதுகாப்பான இணைய இணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, அந்தச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி உண்டு. கணினி தன்னைப் பழைய ஆண்டில் இருப்பதாக நினைத்தால், சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று நிராகரித்துவிடும். கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும் ஒரு மின்கலத்தை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது. பத்தாண்டு கடந்த எந்தக் கணினியிலும் இதை முதல் நாளே மாற்றிவிடுவது நல்லது. மாற்றிய பிறகு, கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற அடிப்படை நிரலின் அமைப்புகள் வாங்கிய நாளில் இருந்த நிலைக்குத் திரும்பியிருக்கும், அவற்றையும் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

நினைவகம் 4 ஜி.பி. போதவில்லை. கோயம்புத்தூர் போனபோது பழைய உதிரிக் கடையில் ஒரு 4 ஜி.பி. டி.டி.ஆர்.3 வாங்கிச் சேர்த்தேன். பழைய நினைவகத்தை நம்பி உடனே அறிவியல் வேலை வாங்கக் கூடாது. மெம்டெஸ்ட் என்ற சோதனையை ஓர் இரவு முழுக்க ஓட விட வேண்டும். ஒரு பிழை காட்டினாலும் அந்த நினைவகத்தைக் கழற்றி ஒதுக்கிவிடுங்கள். படம் பார்க்கும்போது நினைவகத்தில் ஒரு எண் பிசகினால் நமக்குத் தெரியாது. பல மணி நேரக் கணக்கில் அதே ஒரு எண் பிசகினால் விடை முழுவதும் வீண்.

பிசகிய விடை எப்படிப் பிடிபடுகிறது? எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், உங்கள் கணினி தப்பான விடை அனுப்பினால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?" நல்ல கேள்வி. பல திட்டங்களில் ஒரே துண்டை ஒருவரையொருவர் அறியாத இருவருக்கு அனுப்புவார்கள். இருவரின் விடையும் ஒத்துப்போனால்தான் ஏற்பார்கள். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவருக்குப் போகும். திட்டத்தின் இணையதளத்தில் என் கணக்குப் பக்கத்தை அவளுக்குத் திறந்து காட்டினேன். ஒரு வேலையில் என் ஐ3 ஒரு பக்கம், மறுபக்கம் பதினாறு இழைகள் கொண்ட புத்தம் புதிய ரைசன் கணினி. அது சில மணி நேரத்தில் முடித்துவிட்டு, என் விடைக்காகப் பல நாள் காத்திருந்தது. என்னுடையது போய்ச் சேர்ந்த அன்றே இரண்டுக்கும் நேராகச் 'சரிபார்க்கப்பட்டது' என்று விழுந்தது. இரண்டுக்கும் ஒரே மதிப்பெண். அந்த வரியை அவள் இரண்டு மூன்று முறை படித்துப் பார்த்தாள்.

பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதுதான். நம் விடை வராதவரை அந்த இன்னொருவரின் உழைப்பும் தொங்கிக்கொண்டிருக்கும். நாம் கெடுவைத் தாண்டினால் அந்தத் துண்டு வேறொருவருக்குப் போகும். நாம் எரித்த மின்சாரம் பெரும்பாலும் வீணாகும். ஆகவே வேலையைக் குறைவாக வாங்க வேண்டும். பாயிங்க்கில் எத்தனை நாள் வேலையைச் சேமித்து வைப்பது என்று இரண்டு எண்கள் கேட்கும். இரண்டையும் 0.1 என்று வையுங்கள். தொடக்கத்தில் உங்கள் கணினி நாளுக்கு எவ்வளவு நேரம் ஓடும் என்பது அதற்குத் தெரியாது; நாள் முழுவதும் ஓடும் என்று எண்ணி அள்ளிக்கொண்டு வந்துவிடும். சில வாரம் பழகிய பிறகு அது தானாகவே கணித்துக்கொள்ளும்.

எந்தத் திட்டம் என்பது அடுத்த கேள்வி. இதில் மனதுக்குப் பிடித்தது ஒன்று, கணினிக்குத் தாங்குவது ஒன்று. என் முதல் தேர்வு ஐன்ஸ்டைன் அட் ஹோம். 2005 முதல் நடக்கிறது. வெடித்து முடிந்த விண்மீன்களின் அடர்ந்த எச்சமான, சுழலும் நியூட்ரான் விண்மீன்களைத் தேடுகிறார்கள், ஈர்ப்பலைகளை (காலவெளியில் எழும் மெல்லிய அதிர்வுகளை) அளக்கும் லைகோ கருவிகளின் பதிவுகளிலும், வானொலித் தொலைநோக்கிப் பதிவுகளிலும், ஃபெர்மி செயற்கைக்கோளின் காமாக் கதிர்ப் பதிவுகளிலும். 2010இல் அமெரிக்காவின் அயோவாவைச் சேர்ந்த ஒரு தம்பதியின் கணினியும் ஜெர்மனியைச் சேர்ந்த ஒருவரின் கணினியும் சேர்ந்து, விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை சுழலும் ஒரு பல்சாரை, அதாவது துடிப்புத் துடிப்பாக அலை வீசும் நியூட்ரான் விண்மீனைக் கண்டுபிடித்தன. அந்தப் பதிவு அரெசிபோவிலிருந்து வந்தது. தொடர்ச்சியாக வெளிப்படும் ஈர்ப்பலைகள் மட்டும் இன்னும் யாருக்கும் அகப்படவில்லை. நான் இதில் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எனக்கு வந்த வேலைகளுக்கு இரண்டு வாரக் கெடு இருந்தது. இரவு மட்டும் ஓடும் கணினிக்கு இது வசதி.

இரண்டாவது, பிராகாவில் உள்ள சார்லஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டராய்ட்ஸ் அட் ஹோம். ஒரு குறுங்கோள் சுழலும்போது அதன் ஒளி கூடிக் குறைவதை அளந்து, அதிலிருந்து அதன் வடிவத்தையும் சுழலும் திசையையும் கணக்கிடுகிறார்கள். நினைவகம் அதிகம் கேட்காது, துண்டுகளும் சின்னவை.

தவிர்த்தவையும் உண்டு. புரத வடிவங்களைக் கணிக்கும் வேலைகள் எனக்கு மிகவும் விருப்பம், ஆனால் அவை துண்டொன்றுக்கு நிறைய நினைவகம் கேட்கும். கெடுவும் குறுகலாக இருக்கும். இரவு எட்டு மணி நேரம் மட்டும் ஓடும் கணினிக்கு அது நெருக்கடி. பகா எண் தேடும் பிரைம் கிரிட் திட்டம், செயலியின் ஒவ்வொரு அணுவையும் பிழிந்து வேலை வாங்கும். எங்கள் ஊர்ச் சித்திரை மாதத்தில் அதை ஓட்டினால் பசை மாற்றிய பலனெல்லாம் போய்விடும். குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்கள் தாராளமாக முயலலாம்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கிளைமேட்பிரடிக்ஷன் திட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மாமியாருக்கு அதில்தான் ஆர்வம். இரவில் எழுந்தவர் கணினிப் பெட்டியின் சிறு விளக்கைப் பார்த்துவிட்டு, "இராத்திரி முழுவதும் இது எதற்கு ஓடுகிறது கண்ணு?" என்று கேட்டார். விண்மீன், குறுங்கோள் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மழை வருமா என்று பார்த்துச் சொல்லாதா?" என்றார். கேரளத்தின் மற்றப் பகுதிகள் மழையில் நனையும்போதும் எங்கள் கிழக்குப் பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். ஆழ்துளைக் கிணறு ஒவ்வொன்றும் எத்தனை அடி என்று அவருக்கு மனப்பாடம். "அத்தை, அப்படியும் ஒரு திட்டம் இருக்கிறது. நாளை மழையைச் சொல்லாது. ஒரே பருவநிலை மாதிரியை, சிறு சிறு மாற்றத்தோடு ஆயிரக்கணக்கான முறை ஓட்டிப் பார்ப்பார்கள். எந்த விளைவு அடிக்கடி வருகிறது என்று பார்த்தால், புவி சூடாகும்போது வெள்ளமும் வறட்சியும் எவ்வளவு கூடும் என்று சொல்ல முடியும்" என்று விளக்கினேன். "அதைப் போடு கண்ணு" என்றார். அந்தத் துண்டுகள் நாள் கணக்கில் ஓடுபவை, அடிக்கடி நிறுத்தி எழுப்புவதற்கு ஏற்றவை அல்ல. விண்டோஸ், லினக்ஸ் என்று எப்போதும் எல்லாவற்றுக்கும் வேலை வருவதும் இல்லை. அவருக்காகவே நாள் முழுவதும் ஓடக்கூடிய, மின்சாரம் குறைவாகக் குடிக்கும் ஒரு கணினி வாங்கும்போது அதைச் சேர்க்க வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

ஒரே திட்டத்தை நம்பியிருக்காதீர்கள். நான் சேர்ந்திருந்த வேறொரு திட்டத்தின் சேவையகம் வாரக்கணக்கில் நின்றுபோய், முடித்த வேலைகள் அனுப்ப வழியில்லாமல் கிடந்தன. பாயிங்க்கில் ஒவ்வொரு திட்டத்துக்கும் பங்கு என்று ஓர் எண் உண்டு. துணைத் திட்டத்துக்கு அந்த எண்ணைச் சுழியம் என்று வைத்தால், முதன்மைத் திட்டத்தில் வேலை இல்லாதபோது மட்டும் அதிலிருந்து வாங்கிக்கொள்ளும். பலருக்கு இந்த வசதி இருப்பதே தெரியவில்லை.

இப்போது மின்சாரம். வீட்டில் பேச்சு வாங்காமல் இதைத் தொடர வேண்டுமென்றால் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். செருகியில் பொருத்தும் வாட் மீட்டர் ஒன்றைக் கடன் வாங்கி அளந்தேன். சும்மா இருக்கும்போது 35 வாட் அளவில் இழுக்கிறது. நான்கு இழையும் ஓடும்போது 62 வாட். திரை அணைந்திருக்கும்போது எடுத்த அளவு இது. நாள் முழுவதும் ஓட்டினால் ஒன்றரை யூனிட், மாதம் 45, இரண்டு மாதப் பில்லில் 90 யூனிட். இரவு 10 முதல் காலை 6 வரை மட்டும் என்றால் நாளுக்கு அரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 30 யூனிட்.

கேரளத்தில் வீட்டு மின்கட்டணத்தில் ஒரு கோடு இருக்கிறது. மாதம் 250 யூனிட் வரை அந்தந்த அடுக்குக்கு அந்தந்த விலை. அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்து மொத்தத்துக்கும் ஒரே கூடுதல் விலை. இரண்டு மாதப் பில்லில் அது 500 யூனிட். தமிழ்நாட்டிலும் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே வேறு. எங்கள் வீடு கோடைக்காலப் பில்லில் இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். அங்கே 90 யூனிட் என்பது பில்லைப் புரட்டிப் போடும். 30 யூனிட்டைச் சமாளிக்கலாம். உங்கள் பழைய பில்களை எடுத்து, கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு மணி நேரத்தை முடிவு செய்யுங்கள். மாலை 6 முதல் 10 வரை மாநிலத்துக்கே உச்ச நேரம். அந்த நேரத்தில் ஓட்டாமலிருப்பதை நான் ஒரு கடமையாகவே வைத்திருக்கிறேன்.

இரவில் மட்டும் ஓட்டும்போது பகலில் சும்மா நின்று 35 வாட் குடிக்கக் கூடாது அல்லவா? பயாஸில் குறித்த நேரத்தில் தானாக எழும் வசதி இருக்கிறது. காலை 6 மணிக்கு அணைக்க லினக்ஸில் ஒரு வரி போதும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: லினக்ஸ் தாய்ப்பலகைக் கடிகாரத்தைப் பொதுவாக உலகப் பொது நேரத்தில் வைத்திருக்கும். இரவு 10 மணிக்கு எழ வேண்டுமென்றால் பயாஸில் ஐந்தரை மணி நேரத்தைக் குறைத்து 16:30 என்று போட வேண்டும்.

இதே மின்சாரத்துக்குப் புதிய செயலி ஒன்று பல மடங்கு வேலை செய்யும் என்பது உண்மை. இதற்காகவே காசு போட்டு வாங்குவதாக இருந்தால் பழையதை வாங்காதீர்கள். ஏற்கெனவே வீட்டில் இருப்பதை, பில் தாங்கும் அளவுக்கு, குளிர்ந்த இரவில் ஓட்டுவதைத்தான் நான் சொல்கிறேன். பழைய வரைகலை அட்டைகளையும் இதில் சேர்க்காதீர்கள். அவை குடிக்கும் மின்சாரத்துக்கு ஏற்ற வேலை நடக்காது.

வெயில் காலத்துக்குத் தனி அமைப்பு வைத்திருக்கிறேன். பங்குனி, சித்திரையில் பாலக்காட்டில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. இரவிலும் சுவர் சூட்டைக் கக்கும். அப்போது செயலிகளின் எண்ணிக்கையை 50 சதவீதமாகக் குறைத்துவிடுவேன். நான்குக்கு இரண்டு இழை ஓடும். பக்கத்திலேயே 'செயலி நேரம்' என்று இன்னொரு சதவீதமும் இருக்கிறது. அதைக் குறைத்தால் கணினி சில விநாடி முழு வேகத்தில் ஓடும், சில விநாடி நிற்கும். விசிறி ஏறி இறங்கும் சத்தத்திலேயே அது தெரியும். சூடு இப்படி ஏறி இறங்குவது செயலிக்கும் நல்லதில்லை, தூங்குகிறவர்களுக்கும் நல்லதில்லை. எண்ணிக்கையைக் குறையுங்கள், நேரத்தை 100லேயே விடுங்கள்.

இடி, மின்னல் இன்னொரு விஷயம். கோடை மழையிலும் ஐப்பசியில் வரும் துலாமாத மழையிலும் மாலை இரவு நேரங்களில் இங்கே மின்னல் பலமாக இருக்கும். மின்செருகியைப் பிடுங்கினால் மட்டும் போதாது, இணையக் கம்பியையும் பிடுங்க வேண்டும். பக்கத்து வீட்டில் மின்னல் அந்தக் கம்பி வழியாகத்தான் உள்ளே வந்தது. கணினியை வீட்டு இன்வெர்ட்டரில் இணைக்காதீர்கள். மின்சாரம் போன இரவில் அந்த மின்கலம் அத்தையின் விசிறிக்கு வேண்டும். திடீரென்று அணைந்தாலும் பெரிய நட்டமில்லை. பெரும்பாலான வேலைகள் அவ்வப்போது தாங்கள் இருக்கும் இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, எழுந்ததும் அங்கிருந்து தொடரும். அப்படிக் குறித்து வைக்காத வேலை ஏதாவது வந்தால் அந்தத் திட்டம் நம் ஊருக்கு ஒத்துவராது.

மதிப்பெண்ணைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். விநாடிக்கு நூறு கோடிக் கணக்கு போடும் கணினி ஒரு நாள் முழுவதும் உழைத்தால் 200 மதிப்பெண் என்பது பாயிங்க்கின் அடிப்படை வரையறை. நடைமுறையில் திட்டத்துக்குத் திட்டம் தாராளம் மாறுபடும். அதைத் துரத்தித் திட்டத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முன்பு இதில் இருந்தவர்கள் பழைய மின்னஞ்சல் முகவரியிலேயே மறுபடி சேருங்கள். எல்லாத் திட்டங்களிலும் ஒரே முகவரி இருந்தால் உங்கள் பங்களிப்பு ஒரே பெயரின் கீழ் கூட்டப்படும். பள்ளி, அலுவலகக் கணினிகளில் எழுத்து வடிவில் அனுமதி இல்லாமல் இதை நிறுவாதீர்கள். எங்கள் பள்ளிக் கூடத்தில் நான் நிறுவவில்லை; அரசுக் கணினி, அரசு மின்சாரம். பிள்ளைகளுக்கு என் கணக்குப் பக்கத்தைக் காட்டுவதோடு சரி. கைப்பேசியிலும் பாயிங்க் ஓடும், ஆனால் எங்கள் வெயிலுக்கு மின்கலம் உப்பிப்போகும் என்ற பயத்தில் நான் தொடவில்லை.

கடைசியாக, நிறுத்துவதைப் பற்றி. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதோ, கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போதோ, இனி போதும் என்று தோன்றும்போதோ, அப்படியே அணைத்துவிட்டுப் போகாதீர்கள். மூன்று நாள் முன்னதாகவே 'புதிய வேலை வேண்டாம்' என்ற பொத்தானை அழுத்துங்கள். கையில் இருப்பவை முடிந்து அனுப்பப்படும்வரை ஓட விடுங்கள். முடிக்கவே முடியாது என்று தெரிந்த வேலையைக் கெடு முடியும்வரை வைத்திருக்காமல் 'கைவிடு' என்று கொடுத்தால், அது அன்றைக்கே வேறொருவருக்குப் போய்விடும். திட்டத்திலிருந்து விலகுவது என்றால், பட்டியல் காலியான பிறகு விலகுங்கள். நான் பங்குனி பிறப்பதற்கு முன்பு இதைத்தான் செய்கிறேன்: பட்டியலைக் காலி செய்து, பெட்டியைத் திறந்து தூசி ஊதி, விசிறியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இரண்டு இழைக்குக் குறைத்து, மறுபடி வேலை வாங்கத் தொடங்குகிறேன்.